குழந்தையின் கண் மட்டத்தில் ஒரு பள்ளி

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் அனுமதியாகி வந்தால் ஊரில் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள்: எத்தனை அறை, எவ்வளவு தொகை? இரண்டும் தேவையான கேள்விகள்தாம். ஆனால், அந்த அறைக்குள் ஐந்து ஆண்டுகள் உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்கப்போகிற குழந்தைக்கு வேறு சில கேள்விகள் உண்டு. பலகையில் எழுதியது தெரிகிறதா? டீச்சர் சொல்வது காதில் விழுகிறதா? பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே உட்கார முடிகிறதா? கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் கைக்கு எட்டுகிறதா? குழந்தை இவற்றை வாய்விட்டுக் கேட்பதில்லை. அதன் சார்பில் நாம்தான் கேட்க வேண்டும்.

தலைமையாசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள், ஊராட்சித் தலைவர்கள், ஒன்றியப் பொறியாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. வரைபடத்தைப் படிக்கக் கட்டடக் கலை படித்திருக்கத் தேவையில்லை. எதைத் தேடுவது என்று தெரிந்தால் போதும்.

யாருக்காகக் கட்டுகிறோம்?

தமிழ்நாட்டுச் சிற்றூர்த் தொடக்கப் பள்ளியைப் பற்றி இரண்டு உண்மைகளை முதலில் ஏற்றுக்கொள்வோம். ஒன்று, சிறு வகுப்புக் குழந்தைகள் பெரும்பாலும் தரையில் உட்கார்ந்தே படிக்கிறார்கள். இரண்டு, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற நிலை பல ஊர்களில் இல்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 60 மாணவர்கள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களையும், ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறை வீதமாவது இடத்தையும் கேட்கிறது. அதாவது ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள், இரண்டு அறைகள்.

அப்படியிருக்க, எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஆசிரியரை ஒரே திசையில் பார்ப்பார்கள் என்று எண்ணி வரைந்த படம் இங்கே பொருந்தாது. மூன்றடி உயரத்தில் ஜன்னல், நாலடி உயரத்தில் சுவிட்சு, நடுச்சுவரில் ஒரே ஒரு கரும்பலகை என்று வரும் அளவுகள் எல்லாம் வளர்ந்தவர்களின் அளவுகள். நான் சொல்ல வருவது இதுதான்: தொடக்கப் பள்ளியின் எல்லா அளவுகளும், தரையில் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுக் குழந்தையிடமிருந்தே தொடங்க வேண்டும். அறையின் நீள அகலம், ஜன்னல், பலகை, படி, குழாய் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கட்டடத்துக்கும் படிப்புக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பீட்டர் பேரட் தலைமையிலான குழு, 27 தொடக்கப் பள்ளிகளின் 153 வகுப்பறைகளையும் அவற்றில் படித்த 3,766 மாணவர்களையும் ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டது. ஓராண்டில் மாணவர்களின் கற்றல் முன்னேற்றத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் 16 விழுக்காட்டை வகுப்பறையின் தன்மைகளே விளக்குகின்றன என்றது அந்த ஆய்வு. வெளிச்சம், வெப்பநிலை, காற்றின் தூய்மை, அறையைத் தேவைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளும் வசதி, நிறம் போன்றவை அந்தத் தன்மைகள். அங்குள்ள தட்பவெப்பமும் நம்முடையதும் ஒன்றல்ல. ஆனாலும் அறையின் தன்மை கற்றலைத் தொடுகிறது என்பதில் ஐயமில்லை. வெயிலும் இரைச்சலும் கூடுதலாக உள்ள நம் பள்ளிகளில் இதை அலட்சியம் செய்ய நமக்கு உரிமையில்லை.

முதலில் குழந்தைகளை அளவெடுங்கள்

வரைபடம் கேட்பதற்கு முன்பே பள்ளியில் செய்துவிடக்கூடிய வேலை இது. ஒரு டேப்பும் சாக்பீஸும் போதும்.

முதல் வகுப்பில் மிகக் குட்டையான ஐந்து குழந்தைகளையும், ஐந்தாம் வகுப்பில் நெட்டையான ஐந்து குழந்தைகளையும் அழையுங்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு அளவுகளைச் சுவரில் குறியுங்கள்: சம்மணமிட்டு உட்காரும்போது கண் இருக்கும் உயரம், நிற்கும்போது கண் இருக்கும் உயரம், நின்று கையை உயர்த்தினால் எட்டும் உயரம், வளையாமல் நின்றபடி இரு கைகளையும் நீட்டிக் கழுவ வசதியான உயரம்.

சம்மணமிட்டு உட்கார்ந்த ஆறு வயதுக் குழந்தையின் கண், தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றே முக்கால் அடியில் இருக்கும்; பத்து வயதுக் குழந்தைக்கு இரண்டடியை ஒட்டி வரும். வழக்கமான மூன்றடி ஜன்னல் திட்டை இந்தக் கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலை முதல் மாலை வரை அந்தக் குழந்தையின் கண்ணுக்கு நேரே இருப்பது வெறும் சுவர். காற்றும் அதன் தலைக்கு மேலேயே போய்விடுகிறது.

இந்தக் குறிப்புகளை ஒரு தாளில் எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பதிவுசெய்து, பொறியாளர் கையில் கொடுங்கள். "ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் மறந்து போகும். எங்கள் குழந்தைகளின் அளவு இது என்று எழுதிக் கொடுத்தால் அதற்கு மதிப்புண்டு.

இடமும் திசையும்

மனை தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். வடகிழக்குப் பருவமழையில் அந்த இடத்தில் எவ்வளவு நீர் நிற்கும் என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் நினைவில் உள்ள மிக உயர்ந்த வெள்ள மட்டத்துக்கு மேல் ஒன்றரை அடியாவது உயர்த்தித் தரைமட்டம் வையுங்கள். ஏரிக் கரையை ஒட்டியோ ஓடைப் புறம்போக்கிலோ இடம் தரப்பட்டால் தயங்காமல் மறுத்துவிடலாம்.

அடுத்தது வெயில். கட்டடத்தின் நீளவாக்கு கிழக்கு மேற்காகவும், ஜன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் அமையட்டும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் வெயிலை எந்த சன்ஷேடாலும் முழுதாகத் தடுக்க முடியாது. அதனால் கிழக்கு, மேற்குச் சுவர்களில் ஜன்னல் வேண்டாம். குறிப்பாக மேற்குச் சுவர் பிற்பகல் முழுதும் சூடேறி நிற்கும். அதற்கு வெளியே மரங்கள் நடுங்கள். கழிப்பறை, சாமான் அறை போன்றவற்றை அந்தப் பக்கம் வைத்தாலும் அவை வெயிலைத் தாங்கிக்கொள்ளும்.

தெற்கு வெயிலைத் தடுப்பது எளிது. சென்னையில் டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அடிவானிலிருந்து சுமார் 53 பாகை உயரத்தில் நிற்கும். நாலடி உயர ஜன்னலுக்கு மேல் மூன்றடி சன்ஷேடு இருந்தால் அந்த நண்பகல் வெயில் உள்ளே விழாது. வழக்கமாகப் போடும் ஒன்றரை, இரண்டடி சன்ஷேடு போதாது. இதைவிடச் சிறந்த வழி, தெற்குப் பக்கம் முழுதும் வராண்டா அமைப்பது. வெயிலும் தடுக்கப்படும், மழைச் சாரலும் தடுக்கப்படும், இன்னொரு வகுப்பிடமும் கிடைக்கும்.

மனையின் அமைப்பால் இந்தத் திசை கிடைக்காத ஊர்களும் உண்டு. அங்கே நீளவாக்கு வடக்கு தெற்காகத்தான் வரும் என்றால், வராண்டாவை மேற்கில் போட்டு, அதன் ஓரத்தில் ஜாலிச் சுவரோ மரவரிசையோ அமைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பம் தலைக்கு மேலிருந்து வருகிறது

நம் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. தொடக்கமும் முடிவும் கடும் வெயில். கான்கிரீட் தளம் காலையெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு பிற்பகலில் அறைக்குள் வீசுகிறது. சரியாகக் கடைசி இரண்டு பாடவேளைகளில் குழந்தைகள் சோர்ந்து சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். மின்விசிறி காற்றை அசைக்கும், குளிர்விக்காது. சூடான தளத்தின் கீழ் ஓடும் விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும்.

எனவே செலவில் முதல் இடம் கூரைக்கு. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன் மேல் தட்டோடு பதிப்பது நம் பழைய வழக்கம். தண்ணீர் ஒழுகாமலும் காக்கும், சூட்டையும் குறைக்கும். மதிப்பீட்டில் தொகை இடிக்கும்போது முதலில் வெட்டப்படுவது இந்த வேலைதான். அதை வெட்ட விடாதீர்கள். அதன் மேல் ஆண்டுதோறும் மார்ச் மாதம் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால், வெயிலில் பெரும்பகுதி தளத்துக்குள் இறங்காமல் திரும்பிப் போகும்.

தளத்தைப் போடும்போதே செய்யக்கூடிய வழியும் உண்டு. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய ஓடு பதித்த தளத்தில், கான்கிரீட்டின் அடிப்பகுதியில் கம்பிகளுக்கு இடையே மங்களூர் ஓடுகளை வைத்து வார்ப்பார்கள். அந்த இடத்துக் கான்கிரீட் பாரம் தாங்குவதில் பெரிய பங்கு வகிப்பதில்லை. அதனால் சிமென்ட்டும் கம்பியும் மிச்சமாகும். ஓட்டுக்கு நடுவே நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கும். சுவருக்கு எலிப்பொறிக் கட்டு உண்டு. செங்கற்களைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. செங்கல் நான்கில் ஒரு பங்கு மிச்சம், அறையும் குளுமை. ஆரோவில் மண் நிறுவனம் நெடுங்காலமாகப் பயிற்சி தந்துவரும் அழுத்திய மண்கற்களும் நம் மாநிலத்திலேயே கிடைக்கும் வழி. இவை எல்லாவற்றுக்கும் பழகிய கொத்தனார் வேண்டும். பழகாத கையில் கொடுத்தால் நல்ல முறையும் கெட்ட பெயர் வாங்கும். கொத்தனார் கிடைக்காத ஊரில் வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரும் தட்டோடு பதித்த தளமும் போதும்.

சிமென்ட் சீட், தகரக் கூரை வகுப்பறைக்கு ஆகாது. வெயிலில் கொதிக்கும், மழை பெய்தால் ஆசிரியர் குரல் எழும்பாது.

காற்றுக்கு ஓர் எளிய விதி: நுழையவும் வேண்டும், வெளியேறவும் வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் இருக்க வேண்டும். தளத்துக்குச் சற்றுக் கீழே இரு பக்கமும் திறப்பு விட்டால் மேலே தேங்கும் சூடான காற்று வெளியேறும். ஜன்னல் திட்டு இரண்டடி உயரத்தில் இருந்தால் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகத்தில் காற்று படும். கம்பி கிரில் கட்டாயம். இந்தத் தாழ்ந்த ஜன்னல் தரைத்தளத்துக்கு மட்டுமே.

வெளிச்சம் எங்கிருந்து வரவேண்டும்?

வெப்பமும் ஈரமும் நிறைந்த பகுதிகளில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. 400 சதுர அடி அறைக்கு 67 சதுர அடி. இது குறைந்த அளவு. வகுப்பறைக்கு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 80 சதுர அடி கேளுங்கள்.

அளவைவிட முக்கியமானது வெளிச்சம் வரும் பக்கம். கரும்பலகை உள்ள சுவரில் ஜன்னல் இருக்கவே கூடாது. பலகையைப் பார்க்கும் கண் பக்கத்து வெளிச்சத்தில் கூசி, எழுத்தைத் தவறவிடும். குழந்தைகளின் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சமும் உதவாது. அவரவர் நிழல் அவரவர் நோட்டில் விழும். வடக்கிலும் தெற்கிலும் ஜன்னல் வைத்து, கிழக்கு அல்லது மேற்குச் சுவரில் பலகை வைத்தால் இரு பக்கமிருந்தும் வெளிச்சம் வரும், நிழல் மெல்லியதாகும்.

உள்கூரைக்கு வெள்ளை, சுவருக்கு வெளிர் நிறம். அடர் நீலமும் அடர் பச்சையும் அழுக்குத் தெரியாமல் இருக்கலாம், வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஜன்னலுக்கு எதிரே மதிற்சுவர் ஒட்டி நின்றால் அதற்கும் வெள்ளையடியுங்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: மழை மூட்டமான நாளில் விளக்கைப் போடாமல், அறையின் மிக இருண்ட மூலையில் தரையில் உட்கார்ந்து, முதல் வகுப்புப் புத்தகத்தின் மிகச் சிறிய எழுத்தைப் படியுங்கள். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் அந்த அறைக்கு வெளிச்சம் போதாது.

காதில் விழாத பாடம்

பள்ளிக் கட்டடங்களில் அதிகம் மறக்கப்படுவது ஓசை. பெரியவர்கள் பாதிச் சொல் கேட்டாலும் மீதியை ஊகித்துவிடுவோம். சொல்வளம் இன்னும் சேராத சிறு குழந்தையால் அது முடியாது. அதிலும் தமிழில் ல, ழ, ள, ர, ற, ந, ன, ண எல்லாம் நுட்பமான ஒலி வேறுபாடுகள். இவை தெளிவாகக் காதில் விழாத குழந்தை பிழையாகத்தான் எழுதும். அதைக் கவனக்குறைவு என்று நாம் திட்டுகிறோம்.

இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள சுவர் தளம் வரை முழுமையாக எழும்ப வேண்டும். ஏழடியில் நிறுத்திய தடுப்பும் மடக்குக் கதவுத் தடுப்பும் கண்ணை மறைக்கும், குரலை மறைக்காது. சமையல் பாத்திர ஓசையும் சாலை ஓசையும் வரும் பக்கத்தில் ஜன்னலைக் குறையுங்கள். வழவழப்பான சிமென்ட் சுவர், சிமென்ட் தரை, கான்கிரீட் தளம் மட்டுமே உள்ள வெற்று அறையில் குரல் மோதி மோதி எதிரொலிக்கும். பின்சுவரில் குழந்தைகளின் படங்களைக் குத்தி வைக்கும் மென்பலகை, தரையில் பாய் அல்லது ஜமுக்காளம், புத்தகம் நிறைந்த திறந்த அலமாரி ஆகியவை எதிரொலியைக் குறைக்கும்.

இதற்கும் சோதனை உண்டு. அடுத்த அறையில் பாடம் நடக்கும்போதே, பலகை அருகில் நின்று இயல்பான குரலில் பத்துச் சொற்களைச் சொல்லுங்கள்: மணல், மனம், வலி, வழி, பள்ளி, பல்லி என்று. கடைசி வரிசைக் குழந்தைகள் கேட்டதை எழுதட்டும். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் பெரிய வேறுபாடு தெரிந்தால் குறை அறையில் இருக்கிறது.

ஓர் அறை, மூன்று குழுக்கள்

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை உள்ள குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கு ஏற்பக் குழுக்களாக அமர்கிறார்கள். அதற்கு முன்பு, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றலிலும் குழந்தைகள் வட்டமாகத் தரையில் அமர்ந்து, அட்டைகளைத் தாங்களே எடுத்துப் படித்தார்கள். பாடமுறைகள் மாறும், பெயர்களும் மாறும். ஆனால் ஓர் ஆசிரியர், பல நிலைக் குழந்தைகள், சிறு குழுக்கள் என்ற அடிப்படை நம் சிறு பள்ளிகளில் நிலைத்திருக்கிறது. அறையை அதற்காகவே வரைய வேண்டும்.

20க்கு 20 அடிச் சதுர அறையை எடுத்துக்கொள்வோம். 30 குழந்தைகளுக்குத் தலைக்கு 13 சதுர அடி வரும். எட்டடி வட்டங்கள் மூன்றை இதில் அமைக்கலாம். ஆசிரியர் நடுவில் நின்றால் மூன்றும் அவர் பார்வைக்குள் இருக்கும். நீண்டு ஒடுங்கிய அறையில் இது நடக்காது. ஒரு மூலைக் குழு எப்போதும் தனித்துப் போகும்.

வடக்கு, தெற்குச் சுவர்கள் ஜன்னலுக்கும் கதவுக்கும் போய்விடும். கிழக்கு, மேற்குச் சுவர்கள் இரண்டும் சேர்ந்து 40 அடி. ஆசிரியரின் பலகைக்கு எட்டடி கொடுத்தால் மீதி 32 அடி. அதில் தாழ்ந்த கரும்பலகை ஓட்டுங்கள்: தரையிலிருந்து ஓரடியில் தொடங்கி மூன்றரை அடி வரை. ஆளுக்கு இரண்டடி என்றால் 16 குழந்தைகள் ஒரே நேரத்தில் எழுதலாம். செயல்வழிக் கற்றல் நம் வகுப்பறைகளுக்கு விட்டுச்சென்ற மிகச் சிறந்த கொடை இந்தத் தாழ்ந்த பலகைதான். தன் பலகையில் எழுதும் குழந்தை தப்பாக எழுதினால் கையால் துடைத்துவிட்டு மறுபடி எழுதும். நோட்டில் சிவப்பு மை விழும் பயம் அங்கே இல்லை. பழைய பள்ளிகளில் பெயின்ட் அடிக்கும் சாக்கில் இந்தப் பலகைகளை அழித்துவிடாதீர்கள். தேய்ந்திருந்தால் கரும்பலகைப் பெயின்ட் பூசிப் புதுப்பியுங்கள்.

ஆசிரியர் பலகையின் அடிவிளிம்பு தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் முன்வரிசைத் தலைகள் மறைக்கும். மேலே போனால் முதல் வகுப்புக் குழந்தை வந்து எழுத எட்டாது.

அலமாரியைச் சுவருக்குள் பதித்துக் கட்டினால் இடம் மிச்சம். கீழ் மூன்று தட்டுகளும் கதவில்லாமல் குழந்தைகளுக்கு. மேல் தட்டுகள் பூட்டுடன் ஆசிரியருக்கு. கதைப்புத்தகம் பீரோவுக்குள் பூட்டப்பட்டிருக்கும் பள்ளியில் வாசிப்புப் பழக்கம் வளராது.

வராண்டாவும் முற்றமும் வகுப்புகள்தாம்

20 அடி அறைகள் இரண்டின் முன்னே எட்டடி அகல வராண்டா ஓடினால் கிடைப்பது 320 சதுர அடி. ஏறத்தாழ இன்னோர் அறை. நாலடி வராண்டா வெறும் நடைபாதை. மதிப்பீட்டுத் தொகை குறைவாக இருந்தால் வேறு எதையாவது குறையுங்கள். வராண்டாவின் அகலத்தைக் குறைக்காதீர்கள். அதன் ஓரத்தில் ஓரடி உயரத் திண்ணை கட்டினால் உட்காரவும், எழுதவும், மதிய உணவுக்கும் உதவும். அறையிலிருந்து வராண்டாக் குழு தெரியும்படி ஜன்னல் இருந்தால் ஓர் ஆசிரியரே இரண்டு இடத்தையும் கவனிக்க முடியும்.

முற்றத்தில் வேம்பு, புங்கன், பூவரசு நடுங்கள். கட்டடச் சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி நடுவது நல்லது. ஆல், அரசு அழகுதான். அவற்றின் வேர் அடித்தளத்துக்கு ஆபத்து. நிழல் தரும் மரத்தடியில் வட்டத் திண்ணை ஒன்று இருந்தால் அதுவே கதை சொல்லும் இடமாகும்.

சுவர் கற்றுக்கொடுக்கட்டும், கவனத்தைக் கெடுக்க வேண்டாம்

கட்டடத்தின் உறுப்புகளையே கற்றல் கருவியாக்கும் முறையை, கபீர் வாஜ்பாயியின் வின்யாஸ் அமைப்பு யுனிசெஃப் ஆதரவுடன் உருவாக்கி நாடெங்கும் பரப்பியது. கதவு திறக்கும் இடத்தில் தரையில் கோண அளவுகளை வரைவது, ஜன்னல் கிரில்லை எழுத்துக்கு முந்தைய வளைகோடுகளாக அமைத்து விரலால் தடவிப் பழகவிடுவது, படிகளில் எண்கள், தூணில் உயர அளவுகோல் என்று அதில் எளிய, அருமையான யோசனைகள் உண்டு. கட்டும்போதே திட்டமிட்டால் இவற்றுக்குக் கூடுதல் செலவு மிகக் குறைவு.

இவற்றின் பொதுத்தன்மையைக் கவனியுங்கள்: குழந்தை தொட்டு, நடந்து, அளந்து பயன்படுத்துபவை. வகுப்பறையின் நான்கு சுவரிலும் தரை முதல் தளம் வரை படம் வரைந்து நிரப்புவது இதனோடு சேராது. அமெரிக்காவில் அன்னா ஃபிஷரும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மிகையாக அலங்கரித்த அறையில் மழலை வகுப்புக் குழந்தைகள் அடிக்கடி கவனம் சிதறினர். அலங்காரமற்ற அறையில் கூடுதலாகக் கற்றனர். பலகை உள்ள சுவரை வெறுமையாக விடுங்கள். மற்றச் சுவர்களில் குழந்தைகளின் படைப்புகள் மாறி மாறி இடம்பெறட்டும். நிலையான ஓவியங்களுக்கு வராண்டாவும் மதிற்சுவரும் இருக்கின்றன.

தண்ணீர், கழிப்பறை, சமையல்

கழிப்பறை சரியில்லாத பள்ளியில் குழந்தை தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகிக்கொள்கிறது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குப் பாடம் ஏறாது. சிறுவர், சிறுமியருக்குத் தனித்தனிக் கழிப்பறை சட்டத்தின் கட்டளை. அதற்கு மேல் கவனிக்க வேண்டியவை: சிறு அளவுப் பேசின், கைக்கு எட்டுவதும் அவசரத்தில் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதுமான தாழ்ப்பாள், உள்ளேயே தண்ணீர், மேலே வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஜாலி. கழிப்பறையை மனையின் கடைக்கோடியில் ஒளித்து வைக்காதீர்கள். ஆசிரியர் கண்ணில் படும் தூரத்தில் பாதை இருக்க வேண்டும்.

காலை உணவு, மதிய உணவு இரண்டும் பள்ளியிலேயே நடப்பதால் அறுபது குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கை கழுவுகிறார்கள். இரண்டு குழாய்களால் அது ஆகாது. நீண்ட தொட்டியில் ஆறு முதல் எட்டுக் குழாய்கள், நீங்கள் எடுத்த அளவின்படி இரண்டு உயரங்களில் வையுங்கள். கழிவுநீர் வாழைக்கும் கீரைப் பாத்திக்கும் போகட்டும்.

தரைமட்டம் ஒன்றரை அடி என்றால், ஓரடி உயர்வுக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் 18 அடி வரும். மூன்று நான்கடியில் செங்குத்தாகக் கட்டி முடிக்கும் சாய்தளத்தில் சக்கர நாற்காலி ஏறாது. கைப்பிடி இரண்டு உயரங்களில் வேண்டும். சாய்தளம் வாசலோடு நின்றுவிடாமல் கழிப்பறை வரை தொடர வேண்டும்.

உயிருக்கு மேல் எதுவுமில்லை

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளிக் கட்டடத்தில் சமையல் கூடத்தில் பிடித்த தீ, கூரை வேய்ந்த வகுப்பறைக்குத் தாவி 94 குழந்தைகள் மாண்டார்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். இந்த இரண்டு நாட்களும் நமக்குக் கற்பித்த பாடங்களை எந்த வரைபடமும் மீறக் கூடாது.

வகுப்பறைக்கோ வராண்டாவுக்கோ எந்தக் காரணத்துக்காகவும் ஓலைக் கூரை வேண்டாம். சமையலறை தனிக் கட்டடமாக, வகுப்பறையிலிருந்து விலகி இருக்க வேண்டும். எரிவாயு உருளை அதற்கு வெளியே, காற்றோட்டமான அடைப்பில் இருக்க வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் வெளிப்புறமாகத் திறக்கும் இரண்டு கதவுகள் வேண்டும். பள்ளி நேரத்தில் எந்த வெளிவாசலும் பூட்டப்படக் கூடாது. தொடக்கப் பள்ளி தரைத்தளத்தோடு நிற்பதே நல்லது. மாடி தவிர்க்க முடியாதென்றால் சிறு வகுப்புகள் கீழேயும், இரண்டு அகலமான படிக்கட்டுகளும் கட்டாயம்.

முக்கியக் கட்டடத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டிவிட்டு, மதிற்சுவரையும் கழிப்பறைச் சுவரையும் அடித்தளமில்லாமல் எழுப்புவது பெரும் தவறு. குழந்தைகள் சாய்வதும் ஏறுவதும் அந்தச் சுவர்களில்தான். ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் பருவமழைக்கு முன் செப்டம்பரிலும், எல்லாச் சுவர்களையும் தளத்தின் அடிப்பகுதியையும் மேலாண்மைக் குழுவும் பொறியாளரும் சேர்ந்து பார்வையிடுங்கள். விரிசல், ஓதம், பூச்சு உதிர்ந்து தெரியும் துருப்பிடித்த கம்பி ஆகியவற்றைப் படத்தோடு பதிவுசெய்யுங்கள். ஐயம் இருந்தால் அந்த அறையைப் பூட்டிவிட்டு மரத்தடியில் பாடம் நடத்துங்கள்.

இருக்கிற கட்டடத்தில் என்ன செய்யலாம்?

தமிழக அரசு 2022இல் அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்ற இலக்கோடு புதுக் கட்டடங்களைக் கொண்டுவருகிறது. என்றாலும் பெரும்பாலான பள்ளிகள் பழைய கட்டடத்திலேயே தொடரும். அங்கே செலவு குறைந்த வேலையிலிருந்து தொடங்குங்கள்.

முதலில், செலவே இல்லாதவை: குழந்தைகள் உட்காரும் திசையை மாற்றிப் பக்கவாட்டு வெளிச்சம் கிடைக்கச் செய்வது, மூடிக் கிடக்கும் ஜன்னல்களைத் திறப்பது, ஜன்னலை மறைக்கும் பீரோவை நகர்த்துவது, கொக்கிகளையும் தாழ்ப்பாள்களையும் கீழே இறக்குவது.

அடுத்து, சில ஆயிரம் ரூபாயில் முடிபவை: மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு, உள்கூரைக்கு வெள்ளை, தாழ்ந்த கரும்பலகை, பின்சுவருக்கு மென்பலகை, வாசலில் தாழ்ந்த கைப்பிடி.

பிறகு, நன்கொடையோ திட்ட நிதியோ தேவைப்படுபவை: சன்ஷேடு நீட்டிப்பு, வராண்டா அகலப்படுத்தல், கைகழுவும் தொட்டி, சாய்தளம், தட்டோடு. சுவரின் பாரத்தைத் தொடும் எந்த வேலையையும், ஜன்னல் திட்டை இறக்குவது உட்பட, பொறியாளர் பார்க்காமல் தொடாதீர்கள்.

வரைபடத்தில் கையெழுத்திடும் முன்

கீழ்க்கண்டவற்றை மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒவ்வொன்றாகப் படித்து, பதிலை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

1. வடக்கு எது என்று வரைபடத்தில் குறித்திருக்கிறதா? ஜன்னல்கள் வடக்கு, தெற்கில் உள்ளனவா?
2. தரைமட்டம் பழைய வெள்ள மட்டத்துக்கு மேல் உள்ளதா?
3. ஜன்னல் திட்டு இரண்டடியா? திறப்பு தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு வருகிறதா?
4. பலகை உள்ள சுவர் ஜன்னல் இல்லாமல் இருக்கிறதா?
5. தளத்தின் மேல் தட்டோடு மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா?
6. நடுச்சுவர் தளம் வரை போகிறதா?
7. தாழ்ந்த கரும்பலகைக்கும் திறந்த அலமாரிக்கும் இடம் குறித்திருக்கிறதா?
8. வராண்டா எட்டடி உள்ளதா?
9. சாய்தளத்தின் நீளம் என்ன? அது கழிப்பறை வரை போகிறதா?
10. ஒவ்வோர் அறைக்கும் இரண்டு கதவுகள் உள்ளனவா? வெளிப்புறமாகத் திறக்கின்றனவா?
11. மதிற்சுவர், கழிப்பறைச் சுவர் இரண்டுக்கும் அடித்தள விவரம் தரப்பட்டுள்ளதா?

ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும் திருத்திக் கொண்டுவரும்படி மரியாதையாகக் கேளுங்கள். வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்ற ஒரு நாள் போதும். கட்டிய சுவரை மாற்ற முடியாது. அது ஒரு தலைமுறைக்கு மேல் நிற்கும். அந்த அறையில் படிக்கப்போகிற குழந்தைகளுக்கு மேலாண்மைக் குழுவில் நாற்காலி இல்லை. அந்த நாற்காலிகளில் இருக்கும் நீங்கள், அவர்கள் உயரத்துக்குக் குனிந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.